நிலுவையில் ஒரு வழக்கு

தையல் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று காலையில் பிலோமினா சொன்னதற்கு அருளப்பன் ‘ம்’ என்றார். சந்திர மண்டலத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்றிருந்தாலும் அதே ‘ம்’தான் வந்திருக்கும், ஆகவே உயர்நீதிமன்றக் கிளையின் இந்த அறையில், கடைசி வரிசையில், ஒரு தூணுக்கும் ஒரு தடித்த மனிதருக்கும் நடுவில் தான் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதை ஏமாற்று வேலை என்று யாரும் சொல்ல முடியாது என்று அவள் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். முன்னால் கறுப்பு முதுகுகள். காக்காய்க் கூட்டம் போல என்று நினைத்து, ச்சே, எல்லாரும் நினைப்பதுதானே என்று அதைத் தள்ளிவிட்டு, தன் வீட்டு முதுகு எது என்று தேடினாள். கஷ்டமே இல்லை. வக்கீல் அங்கியின் தோள்பட்டை வெளுத்துப் பச்சை பாய்ந்திருக்கிறதே, அதுதான். புதுசு வாங்குங்கள் என்று போன ஈஸ்டருக்குச் சொன்னது. இனிமேல் எதற்கு என்று நேற்று முன்தினம் அவளே நினைத்துக்கொண்டாள், ஏனென்றால் நீதிபதிகளுக்கு வேறு அங்கி, அது இந்த மாதிரி நைந்து தொங்காது, யாரோ ஒருவர் அதைப் பின்னாலிருந்து பிடித்து மாட்டிவிடக்கூடச் செய்வாராம். நீதிபதி. அந்த வார்த்தை நேற்று முன்தினத்திலிருந்து வாயில் போட்ட புளிப்பு மிட்டாய் மாதிரி கரையாமல் உருண்டுகொண்டிருக்கிறது. மேலேயிருந்து கூப்பிட்டுச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதை அந்த மனிதர் சொன்ன அழகைப் பார்க்க வேண்டுமே: ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில், சிக்னலில் வண்டி நிற்கிறது, “ஜட்ஜா வர்றீங்களான்னு கேக்கறாங்க பிலோ, நீ சொல்லு, நீ சொல்றதுதான்.” பச்சை விழுந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கத்தரிக்காய் வாங்கலாமா வெண்டைக்காய் வாங்கலாமா என்றுகூட இத்தனை வருஷத்தில் கேட்டறியாத மனுஷன். அவளும் கத்தரிக்காய்க்குச் சொல்வது போலவே, யோசிச்சுச் சொல்றேன் என்று சொல்லிவைத்தாள். யோசிக்க என்ன இருந்தது? ‘சரி’ என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டிருந்தது. வந்தது ஏன் நின்றது? அதுதான் புரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் சொல்வதற்கு மனசு வரவில்லை. அவர் விட்டுவிட்டு வரப்போகிற பொருள் என்ன என்று ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிடலாம் என்றுதான் கிளம்பி வந்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் வாதாடி அவள் பார்த்ததே இல்லை. சமையல்காரன் பெண்டாட்டிக்கு அவன் சமைத்த கல்யாணச் சாப்பாடு கிடைப்பதில்லை என்கிற மாதிரிதான்.

குளிர்சாதனம் உச்சந்தலையில் இறங்கியது. முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். பங்களா எப்படி இருக்கும்? சுற்றிலும் செடி இருக்கும், அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும், அந்த ஆளிடம் எப்படிப் பேசுவது? தம்பி என்றா, பெயரைச் சொல்லியா? இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில்தான் ஆட்கள் அசிங்கப்படுவது. கார் கதவைத் திறந்துவிடுவார்கள், அப்போது எந்தக் காலை முதலில் உள்ளே வைப்பது என்று இப்போதே பயமாயிருந்தது. ஸ்டெல்லா முகம் என்ன ஆகும். நாத்தனார் ஸ்டெல்லா, வங்கி மேலாளர் பெண்டாட்டி, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, “அண்ணன் இன்னும் அந்த இலவச கேஸெல்லாம்தான் பாக்குதா அண்ணி?” என்பாள். இலவசம் என்று யார் சொன்னது. பலாப்பழம் வரும். ஒரு தடவை இரண்டு உயிர்க் கோழி வந்தது, அதை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கொத்தடிமையாக இருந்து மீண்டவர்கள் குடும்பத்தோடு வந்து கூடத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் காபி குடித்துவிட்டுப் போவார்கள். போன பிறகு பார்த்தால் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்திருப்பார்கள். அதைப் பார்த்தால் அவளுக்கு ஏனோ கோபம் வரும். ஒரு வருஷம் காவல் நிலையத்தில் ஒரு பையன் செத்துப்போன வழக்கு. அப்போது தெரு முனையில் ஒரு ஜீப் நிற்கும். நம்பர் பிளேட்டில் சேறு. மழையே இல்லாத மாதத்தில் அதெப்படிச் சேறு. மகள் ஷெர்லி அப்போது சின்னவள், பள்ளி வேனிலிருந்து இறங்கி அந்த ஜீப்பைத் தாண்டித்தான் வர வேண்டும். அவள் வாசலுக்கு வந்து சேரும்வரை பிலோமினா கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் நேராக ஜீப்பிடம் போய், “சார், தினமும் நிக்கறீங்க, நிழல்ல நிறுத்துங்க, வண்டியும் கெடாது, பால்காரனுக்கும் வழி கிடைக்கும்” என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். அதை அவரிடம் சொன்னாளா? சொன்னதாக ஞாபகம் இல்லை. சொல்லியிருந்தால் ‘ம்’ என்றிருப்பார். இந்தப் பயமெல்லாம் சரி என்ற ஒரு சொல்லில் முடிந்துபோகும். பிறகு ஜீப் வந்தாலும் சல்யூட் அடிக்கத்தான் வரும். அப்புறம் என்ன தயக்கம் பிலோமினா? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தாகம். காலையில் குடித்த காபியோடு சரி, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“தண்ணி வேணுமாம்மா?” என்றது பக்கத்துக் குரல். தடித்த மனிதர் எப்போது எழுந்துபோனாரோ, அந்த இடத்தில் ஒரு பெண்மணி, மடியில் தலையணை கனத்துக்கு ஒரு கோப்பு, கழுத்தில் அடையாள அட்டை: வளர்மதி, சுகாதார அலுவலர், ஏதோ நகராட்சி. பாட்டிலை நீட்டினாள். பிலோமினாவின் கை அதை வாங்கப் போய் தானாகப் பின்வாங்கியது. “இல்ல, வேணாங்க. வெளிய வந்தா குடிக்கறதில்ல.” அந்தப் பெண்மணி சிரித்தாள். “நானுந்தான். சும்மா தூக்கிட்டு வர்றது. வீட்டுக்குப் போய்த்தான் திறப்பேன்.” பாட்டில் பைக்குள் போனது. இரண்டு பேரும் ஒரு ரகசியம் பரிமாறிக்கொண்டது மாதிரி கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள். “உங்களுது என்ன கேஸ்?” பிலோமினாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “சொத்து” என்றாள், அதுவும் பொய் இல்லை, ஒரு வகையில். “எங்களுது கக்கூஸ் கேஸும்மா” என்று வளர்மதி பெருமூச்சு விட்டாள். “பஸ் ஸ்டாண்டுல லேடீஸ் டாய்லெட். மாவட்டம் முழுக்க. அதோ நிக்கிறாரே, பழைய கோட்டு, அவரு போட்டது. என் மகன் பொறக்கறதுக்கு முன்னாடி போட்ட கேஸு, இப்ப அவன் சைக்கிள் ஓட்டறான்.” ஓ, அந்த வழக்கா. ஷெர்லி எட்டாவது படிக்கும்போது போட்டது, இப்போது ஷெர்லிக்கு மாப்பிள்ளை பார்த்தாகிறது. “அப்படி என்னங்க பிரச்சினை?” என்று கேட்ட தன் குரலில் ஒரு குறுகுறுப்பு இருந்ததை அவளே கவனித்தாள், கன்னியாஸ்திரீகள் பள்ளியில் பக்கத்து வகுப்புப் பெண்ணின் காதல் கடிதத்தைப் பற்றி விசாரிக்கும்போது வந்த அதே குரல். “முடிக்க விடமாட்டாரும்மா! அதான் பிரச்சினை. கட்டுங்கன்னாரு, கட்டினோம். தண்ணி குடுங்கன்னாரு, போர் போட்டோம். எல்லாம் ஆச்சு, முடிச்சுக்கலாம் சார்னா வேணாம்பாரு. மத்த வக்கீலெல்லாம் ஜெயிச்சா உத்தரவ வாங்கிட்டுக் கெளம்பிடுவாங்க. இவரு ஜெயிக்க வேணாம், வாய்தா குடுங்கன்னு கேப்பாரு. நாலு வாரம், ஆறு வாரம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நாங்க போட்டோ எடுத்து அறிக்கை தரணும். உண்மையச் சொல்லணும்னா,” அவள் குரலைத் தாழ்த்தினாள், “கேஸ் வர்ற வாரந்தான் நாங்களே அந்தப் பக்கம் எட்டிப் பாக்கறது.” சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் வெட்கப்பட்டாள். “ஆனா இதான் கடைசி. அவரு ஜட்ஜா போறாராம், பேச்சு அடிபடுது. போயிட்டா கேஸையெல்லாம் விட்டுடணும்ல? எங்க கமிஷனர் சாமிக்கு வேண்டிக்கிட்டிருக்காரு.”

வேண்டிக்கொண்டிருக்கிறாராமே! பிலோமினாவும்தான் வேண்டிக்கொண்டாள், அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால், அவருக்கு நல்லபடியாக முடியட்டும் என்று. இரண்டு வேண்டுதலும் ஒரே இடத்துக்கா போய்ச் சேரும்? முன்னால் யாரோ ஒரு இளைஞன் பணி நீக்கம் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தான். அவளுக்கு அது காதில் ஏறவில்லை. ஒரு பேருந்து நிலையம் கண் முன்னால் எழுந்து நின்றது. ஷெர்லி வயிற்றில், ஏழாம் மாதம், அம்மா வீட்டுக்குப் போகிற வழி, வெயில், டீசல் நாற்றம், அழுகிய வாழைப்பழத் தோல். வண்டி நின்றதும் இறங்கித் தேடினால் கழிப்பறை பூட்டியிருக்கிறது. அருளப்பன் அப்போது ஒல்லி, மீசை கறுப்பு. சாவி கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள், ஐயோ கேக்காதீங்க, எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. அப்புறம் ஒரு சுவர் ஓரம். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு வேட்டியை இரண்டு கையாலும் விரித்து மறைத்து நின்றது. உள்ளே கோடு போட்ட அண்டர்வேர். அத்தனை அவஸ்தையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அன்றிலிருந்து வெளியே கிளம்பினால் தண்ணீர் கிடையாது. அதற்கு முன்னாலும் கிடையாதுதான், பள்ளிக்கூடத்திலேயே பழகியது, எல்லாப் பெண் பிள்ளைகளும் பழகியது. திடீரென்று நெஞ்சு சூடானது. அடப்பாவி மனுஷா, அதற்காகவா? வாயே திறக்காமல், எனக்காகவா மாவட்டம் முழுக்க வழக்குப் போட்டீர்? ஸ்டெல்லா புருஷன் அவளுக்கு வைர மூக்குத்தி வாங்கிப்போட்டான், இவர் இப்படி. வழக்கு நிலுவையில் இருந்த இத்தனை வருஷமும் வீட்டில் தான் பொருமிக்கொண்டிருந்தது நினைவுக்கு வர, பிலோமினா மூக்கை உறிஞ்சினாள். “இந்தக் கேஸு எப்படிங்க ஆரம்பிச்சுது?” என்று வளர்மதியிடம் கேட்டாள். “ஒரு டீச்சரம்மா. தினம் ரெண்டு பஸ் மாறிப் போயி, தண்ணி குடிக்காம கிட்னி கெட்டுப்போச்சு. அவங்க பேர்லதான் மனு. பாவம், போய்ச் சேந்துட்டாங்க.” டீச்சரம்மா. நெஞ்சுச் சூடு சட்டென்று ஆறிப்போனது. யார் அந்த டீச்சரம்மா? வீட்டுக்கு வந்திருக்கிறாளா? தம்ளர் கழுவிவைத்தவர்களில் ஒருத்தியா? செத்துப்போனவளிடம் போய் என்ன பொறாமை, வெட்கமாயில்லை உனக்கு. ஆனாலும் சுருக்கென்றுதான் இருந்தது.

அப்போது வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள், பச்சை பாய்ந்த முதுகு எழுந்து நின்றது. அரசு வழக்கறிஞர் கணீரென்ற குரலில், எல்லா நிலையங்களிலும் கட்டியாகிவிட்டது, இதோ படங்கள், இனி இதில் விசாரிக்க ஏதுமில்லை, வழக்கை முடித்துவைக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் முழங்கினார். நீதிபதி படங்களைப் புரட்டினார். “நன்றாகத்தானே இருக்கிறது மிஸ்டர் அருளப்பன்? பளிச்சென்று இருக்கிறது.” அருளப்பன் உடனே பேசவில்லை. வீட்டிலும் இப்படித்தான், கேள்வி கேட்டால் அது எங்கேயோ கிணற்றில் விழுந்து சத்தம் வரட்டும் என்று நிற்பார், அதற்குள் பிலோமினாவே பதிலையும் சொல்லி முடித்திருப்பாள். இங்கே நீதிபதி காத்திருந்தார். அரசு வழக்கறிஞரும் காத்திருந்தார். அட, காத்திருந்தால் பேசுவார் போலிருக்கிறதே என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. “தரையைப் பாருங்கள், மை லார்ட்” என்றார், கிராமத்து உச்சரிப்பு கொஞ்சமும் மாறாத ஆங்கிலத்தில். கல்யாணமான புதிதில் அவள் திருத்திப் பார்த்துத் தோற்றுப்போன உச்சரிப்பு. “எந்தப் படத்திலும் தரை ஈரமாக இல்லை. குழாய்க்குக் கீழேகூட. காலை நேரத்தில் எடுத்த படங்கள் என்று அறிக்கை சொல்கிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் வந்துபோகிற இடத்தில் காலையில் தரை எப்படிக் காய்ந்திருக்கும்? யாரும் உள்ளே போகவில்லை. இது பளிச்சென்று இருப்பதுதான் என் புகார்.” அறையில் ஒரு சலசலப்பு. பக்கத்தில் வளர்மதி கோப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நீதிபதி படங்களை மறுபடி எடுத்து, ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிலோமினா தன்னையறியாமல் கழுத்தை நீட்டினாள். ஈரமில்லாத தரை. சமையலறையில் நிற்காத ஒரு ஆண்பிள்ளைக்கு அது எப்படிக் கண்ணில் பட்டது? நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “சரி. ஆனால் இது ஒரு உத்தரவில் தீருகிற காரியமில்லை, உங்களுக்கும் தெரியும். நிலுவையில் வைத்தால் வருஷக்கணக்கில் ஒருவர் பின்னாலேயே நிற்க வேண்டும். நீங்கள் நிற்பீர்களா? இல்லையென்றால் நான் இன்றைக்கே முடித்துவிடுகிறேன்.” முன் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செய்தி எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அருளப்பன் நின்றார். கிணற்றில் கல் விழுகிற சத்தம் இன்னும் வரவில்லை. சொல்லுங்களேன், சொல்லித் தொலையுங்களேன், நிற்பேன் என்றோ மாட்டேன் என்றோ! “மதியம் சொல்கிறேன், மை லார்ட். கேட்டுச் சொல்ல வேண்டும்.” “யாரிடம் கேட்டு? உங்கள் மனுதாரர்தான் உயிரோடு இல்லையே?” இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். “கேட்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார், மை லார்ட்,” என்றார் அருளப்பன். சிரிக்காமல் சொன்னார். நீதிபதி ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு முதல் வழக்காகக் கூப்பிடச் சொல்லி எழுந்தார். எல்லாரும் எழுந்தார்கள். பிலோமினா உட்கார்ந்தபடியே இருந்தாள். நாளைக்கே ஸ்டெல்லாவிடம் சொல்லிக்கொள்ளலாம், என் பதில் வரட்டும் என்று ஒரு நீதிமன்றமே சாப்பிடப் போயிருந்தது என்று. அவளுக்குப் புரியாது.

தாழ்வாரத்தில் அவர் எதிரே வந்து நின்றார், கை நிறையக் காகிதம். ஆச்சரியப்படுவார் என்று பார்த்தால், “தையல் கடை பூட்டியிருந்துச்சா?” என்றார். “ஆமா, சாவி இல்லையாம்” என்றாள் வெடுக்கென்று. பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, “அந்தக் கக்கூஸ் சாவியெல்லாம் யாருகிட்டங்க இருக்கு?” என்றாள். அவர் முகத்தில் என்னவோ நடந்தது. காகிதங்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு பேச ஆரம்பித்தார். ஏலம் எடுத்தவனிடம் இருக்கிறது. அவன் எதிரே டீக்கடை வைத்திருக்கிறான். கல்லாப்பெட்டி ஆணியில் தொங்கும். பூட்டு எதற்கென்றால் திருட்டுப் பயம், குழாய் போய்விடுமாம். யார் கேட்டாலும் தருவேன் என்கிறான், தருவான், நல்லவன்தான். “டீக்கடையிலயா? அத்தன ஆம்பளைங்க நடுவுல போயி நின்னு, அண்ணே கக்கூஸ் சாவி குடுங்கன்னு கேக்கணுமா? நான் கேக்கமாட்டேன் சாமி.” “யாரும் கேக்கமாட்டாங்க பிலோ. அதான் தரை காஞ்சு கெடக்கு. கட்டடம் கட்ட வெக்கறது சுலபம். இத எந்த உத்தரவுலயும் எழுத முடியல. பூட்டே வேணாம்னா ஆளு போடணும்பான், ஆளப் போட்டா சம்பளம்பான், சம்பளம் வந்தா அந்த ஆளு வரமாட்டான். ஒண்ணொண்ணா, வாய்தா வாய்தாவா, பின்னாடியே போகணும்…” பேசிக்கொண்டே இருந்தார். இத்தனை வருஷத்தில் இத்தனை சொல் ஒரே மூச்சில் இவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வந்திருக்குமோ? காத்திருந்திருந்தால்? இவரைப் பங்களாவில் உட்காரவைத்து எதிரும் புதிருமாகச் சாப்பிட்டால் இந்தப் பேச்சு வருமா, இல்லை அங்கேயும் ‘ம்’தானா? “இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? அன்னிக்கு ஷெர்லி வயித்துல இருந்தப்போ, எங்க அம்மா வீட்டுக்குப் போற வழியில, அந்த பஸ் ஸ்டாண்டுல…” அவர் நெற்றியைச் சுருக்கினார். “எந்த பஸ் ஸ்டாண்டு?” நிஜமாகவே ஞாபகம் இல்லை. நடிக்கத் தெரியாத முகம். வேட்டி, சுவர், கோடு போட்ட அண்டர்வேர் எல்லாம் அவள் ஒருத்தியின் சொத்தாகவே நின்றுபோனது. பிலோமினாவுக்குக் கோபம் வர வேண்டும், வந்தது சிரிப்பு. மணி அடித்தது. கறுப்புக் கோட்டுகள் உள்ளே விரைந்தன. வளர்மதி இவர்கள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்து வாயைப் பிளந்து, கோப்பால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு தாண்டிப் போனாள். “என்ன சொல்லட்டும் பிலோ?” என்றார் அருளப்பன். ஒரு கணம் அந்தக் கார் அவள் முன்னால் வந்து நின்றது, கதவு திறந்தபடி, உள்ளே வெள்ளைத் துண்டு விரித்த சீட்டு. எந்தக் காலை வைப்பது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது, இருக்கட்டும், நாளைக்கும் இருக்கும், கிறிஸ்துமஸ் கேக்கின்போது கண்டிப்பாக இருக்கும். “நாலு வாரம் கேளுங்க” என்றாள். அவர் அவளையே பார்த்தார். “அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் இன்னொரு நாலு வாரம். தரை ஈரமாகற வரைக்கும். போங்க, கூப்பிட்டுடப் போறாங்க.”